தனிக் கட்டுரையாக வெளிவரும்

எங்க வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஊரே சிரிக்கிற விஷயம்ங்கறதால முதல்லயே சொல்லிடறேன். நான் டிரைவிங் ஸ்கூல்ல கத்துக்கொடுக்கறவ. காலையில ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் "கிளட்ச்சை மெதுவா விடு, மெதுவா, அய்யோ பிரேக்!"னு கத்திக் கத்தியே தொண்டை போனவ. காலேஜ் லீவுன்னா இவரும் பின் சீட்டுல ஏறி உக்காந்துக்குவாரு. கண்ணாடியில படிஞ்ச தூசியில விரலால அம்புக்குறியா போட்டுட்டு வருவாரு. ஓட்டக் கத்துக்க வர்றவங்க, "மேடம், சார் ரூட் போடறாரா?"ன்னு கேப்பாங்க. ரூட்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அது அவரோட கணக்கு.

காலேஜுல கணக்கு வாத்தியாரா இருக்கற அவருக்கு அங்கே ‘அம்பு சார்’னு பேரு. பசங்க வெச்ச பேருதான், ஆனா கூட வேலை பார்க்கறவங்களும் அப்படியே கூப்பிட ஆரம்பிச்சு, இப்போ வாட்ச்மேன் வரைக்கும் அம்பு சார்தான். கோபப்படத் தெரியாத மனுஷன். அவரு பங்குக் கோபத்தையும் நானே பட்டுக்கறேன்.

கணக்குன்னா கூட்டல் கழித்தல் இல்ல. வகைக் கோட்பாடுன்னு ஒண்ணு, அதுலயும் மேல்படி. ஒரு பொருள்ல இருந்து இன்னொரு பொருளுக்கு ஒரு அம்பு. அந்த அம்புல இருந்து பக்கத்து அம்புக்கு ஒரு அம்பு. அதுக்கும் மேல ஒண்ணு. கல்யாணமான புதுசுல, "இது எங்கேதாங்க போய் முடியும்?"னு கேட்டேன். "முடியாது"ன்னாரு, அவ்வளவு சந்தோஷமா. அன்னிக்கே நான் உஷாராகியிருக்கணும்.

அவரோட வேலையெல்லாம் ‘தொடர்பு’ன்னு ஒரு விஷயத்தைப் பத்தி. ரெண்டு இடம் இருக்கு, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு நேரா அம்பு கிடையாது. ஆனா நடுவுல மூணாவதா ஒரு இடம் இருக்கு, அதுல இருந்து ரெண்டு பக்கமும் அம்பு போகுது. அப்போ இந்தப் பக்கத்து அம்புல பின்னாடியே நடந்து நடு இடத்துக்கு வந்து, அங்கேருந்து அந்தப் பக்கத்து அம்புல முன்னாடி போனா சேர்ந்துடலாம். இந்தப் பின்னும் முன்னும் சேர்ந்ததுதான் ஒரு தொடர்பு. "ரிவர்ஸ் எடுத்துட்டு ஃபர்ஸ்ட் போடறது, அவ்வளவுதானே?"ன்னேன். "கிட்டத்தட்ட"ன்னாரு. அவரு கிட்டத்தட்டன்னா, சுத்தமா இல்லைன்னு அர்த்தம்.

இவருக்குப் பேரு வந்தது எதனாலன்னா, இந்தத் தொடர்புகளோட உலகம் முழுசையும் ஒரே வரியில பிடிச்சுடலாம்னு சொன்னாரு. முன்னாடி போற ஒவ்வொரு அம்புக்கும் பின்னாடி வர்ற ஒரு ஜோடி இருக்கணும். முன்னே போய்ப் பின்னே வந்தாலும், பின்னே வந்து முன்னே போனாலும் கணக்கு ஒத்துப்போகணும். அவ்வளவு இருந்தா போதும், பாக்கி எல்லாம் தானா அமைஞ்சுடும், அதுவும் ஒரே ஒரு விதமாத்தான் அமையும், வேற விதமா அமைக்க நினைச்சாலும் முடியாது. அதுக்குப் பொதுமைப் பண்புன்னு பேராம். ஒரு பெரிய கூட்டத்துல இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கினாரு. அப்புறம் ஒரு கட்டுரையோட கடைசியில எழுதியும் வெச்சாரு: இதன் நிரூபணம் தனிக் கட்டுரையாக வெளிவரும்.

அவங்க ஆளுங்களுக்குள்ள ஒரு மரியாதை இருக்கு. ஒருத்தர் ‘வெளிவரும்’னு எழுதிட்டா, பஸ் சீட்டுல துண்டு போட்டு வெச்ச மாதிரி. மத்தவங்க அந்த இடத்துல உக்கார மாட்டாங்க. ஆனா அந்த முடிவை வேணும்னா எடுத்துப் பயன்படுத்திக்கலாம், ‘அம்பு சார், வெளிவரவிருக்கிறது’ன்னு அடியில போட்டுட்டா போதும். அப்படிப் போட்டவங்க நிறைய பேரு. இவரைத் துறைத் தலைவர் ஆக்கினாங்க. வெளியூர்க் கூட்டத்துக்கெல்லாம் கூப்பிட்டாங்க. நான் வேற சும்மா இருந்தேனா? வண்டி பழக வர்றவங்ககிட்டயெல்லாம், "எங்க வீட்டுக்காரர் பேர்ல ஒரு தேற்றமே இருக்கு, நீ ஒரு ஹேண்ட் பிரேக்கை எடுக்க மறக்கறியே"ன்னு பீத்திக்கிட்டேன்.

போன வருஷம், பரீட்சை முடிஞ்ச லீவு. ரெண்டு மூணு நாளா மனுஷன் சாப்பாட்டுல கை வெச்சுட்டு அப்படியே உக்காந்திருக்காரு. சுகர் ஏறிடுச்சோன்னு பயந்து டாக்டர்கிட்ட போகலாம்னேன், வேண்டாம்னுட்டாரு. ஒரு நாள் வண்டியில கடைசி ஆளை இறக்கிவிட்டுட்டு நான் ஸ்டீயரிங்குல உக்காந்து வீட்டுக்குக் கிளம்பினேன். பின் சீட்டுல இருந்து குரல் வருது.

"இங்க பாரு. ஒரு தப்பு பண்ணிட்டேன்."

எனக்கு என்னென்னமோ ஓடுச்சு. இந்த வயசுல என்ன தப்பு பண்ணித் தொலைச்சாரோன்னு திரும்பிப் பார்த்தேன். "அந்தக் கட்டுரையை நான் எழுதவே இல்ல"ன்னாரு.

"எந்தக் கட்டுரை?"

"வெளிவரும்னு சொன்னேனே, அது. நிரூபணமே இல்ல. எப்பவுமே இருந்ததில்ல."

வண்டியை ஓரங்கட்டினேன். நான் பீத்திக்கிட்ட ஆளுங்க முகமெல்லாம் வரிசையா கண்ணு முன்னாடி வந்துச்சு. "அப்போ இத்தனை லீவுக்கும் ரூமைச் சாத்திக்கிட்டு என்னதான் பண்ணீங்க?"ன்னேன்.

"எழுதத்தான் உக்காந்தேன். ஒரு இடத்துல இதுவும் அதுவும் சமம்னு போட்டா, எப்படிச் சமம்னு ஒரு சாட்சி வேணும். ரெண்டு சாட்சி வந்தா, அது ரெண்டும் ஒத்துப்போகுதுன்னு அதுக்கு மேல ஒரு சாட்சி. அடுக்கிக்கிட்டே போகுது. ரெண்டாவது அடுக்குலயே எனக்கு மூச்சு முட்டிடுச்சு."

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"முதல்ல சொல்லியிருக்கலாம்தான். அதுக்குள்ள நாலு பேரு என் பேரைப் போட்டு எழுதிட்டாங்க. அப்புறம் துறைத் தலைவர் ஆக்கிட்டாங்க. அதுக்கப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

சரி, இதோட முடிஞ்சுதுன்னு பார்த்தா, இது வெறும் முன்னுரையாம். தப்புன்னு அவரு சொன்னது இதை இல்ல.

அவங்க கூட்டத்துல ‘கேள்வி டீச்சர்’னு ஒருத்தங்க உண்டு. பக்கத்து ஊர்ல சின்னக் காலேஜுல தற்காலிக வேலை. எந்தக் கூட்டம்னாலும் கடைசி வரிசையில உக்காந்து, எல்லாரும் எழுந்திருக்கற நேரத்துல ஒரே ஒரு கேள்வி கேப்பாங்க, பேசினவருக்கு வேர்த்துடும். நாற்பது வயசுக்கு மேல ஆச்சு, வருஷா வருஷம் வேலையை நீட்டிச்சு நீட்டிச்சே கொடுக்கறாங்க. இந்தத் தடவை அங்கே ஒரு நிரந்தர இடம் காலியாயிருக்கு. தேர்வுக் குழு கூடறதுக்குள்ள இந்த ஒரு கட்டுரையைப் பத்திரிகை ஏத்துக்கிட்டா இடம் அவங்களுக்குத்தான்னு பேச்சு. இவருக்கும் அது நல்லாவே தெரியும்.

அந்தக் கட்டுரை என்னன்னா, இவரு செய்யாம விட்ட நிரூபணம். முழுசா, அடுக்கு அடுக்கா, ஒரு சாட்சி விடாம அந்தம்மா செஞ்சு முடிச்சிருக்காங்க. தலைப்பு: ‘அம்பு சார் தேற்றத்துக்கு ஒரு நிரூபணம்’.

பத்திரிகைக்கு ஒரு கட்டுரை வந்தா, விஷயம் தெரிஞ்ச யாருக்காவது அனுப்பி, போடலாமா வேண்டாமான்னு கேப்பாங்க. யாருகிட்ட கேட்டாங்கன்னு எழுதினவங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. இந்தக் கட்டுரை இவருகிட்டதான் வந்திருக்கு. இவரு முதல் ரெண்டு பக்கத்தைப் படிச்சுட்டு ஒரே வரியில பதில் அனுப்பியிருக்காரு. இது ஏற்கனவே தெரிந்த முடிவு, நிரூபணம் தனிக் கட்டுரையாக வெளிவரவிருக்கிறது, ஆகவே பிரசுரிக்க வேண்டியதில்லை.

"அனுப்பிட்டீங்களா?"ன்னேன்.

"அனுப்பிட்டேன்."

"இல்லாத கட்டுரையைக் காட்டி, இருக்கற கட்டுரையைக் குப்பையில போடச் சொல்லியிருக்கீங்க. உங்களுக்கு வெட்கமாவே இல்லையா?"

"இருக்கு"ன்னாரு. "அதனாலதான் அனுப்பினேன்."

இந்தப் பதிலுக்கு என்ன திட்டறதுன்னு எனக்குத் தெரியல. எதிரே வந்தவன் ஹார்ன் அடிச்சான், அவனைத் திட்டினேன்.

வீட்டுக்கு வந்து உக்காந்தப்புறம்தான் மிச்சத்தையும் சொன்னாரு. பதில் அனுப்பின மறுநாள், மனசு கேக்காம அந்தக் கட்டுரையை முழுசாப் படிச்சிருக்காரு. அதுல இவரோட தேற்றத்தை அந்தம்மா எடுத்து எழுதின இடத்துல, இவரு எழுதாத ஒரு வார்த்தையை மெதுவா நுழைச்சிருக்காங்க. எனக்கு விளங்கற மாதிரி சொல்லுங்கன்னேன். "போன மாசம் நான் மூணாவது மாடிக்குப் போய் அங்கே குடியிருக்கறவங்க வீட்டுக் கதவுல நம்ம சாவியைப் போட்டேனே, ஞாபகம் இருக்கா?"ன்னாரு.

ஞாபகம் இல்லாமலா? எங்க பில்டிங்குல எல்லா மாடியும் ஒரே அச்சு. இவரு நினைப்பு வேற எங்கேயோ இருக்க, ஒரு மாடி கூட ஏறிப் போய்க் கதவை ஆட்டு ஆட்டுன்னு ஆட்டியிருக்காரு. உள்ளே இருந்த பொண்ணு திருடன்னு அலறிடுச்சு.

"நான் எழுதினது அதேதான்"ன்னாரு. "ரெண்டு வழியில போனாலும் ஒரே மாதிரி வீடு வரணும், அது போதும்னு எழுதிட்டேன். ஒரே மாதிரி இருந்தா ஆச்சா? ஒரு வீட்டுல இருந்து இன்னொண்ணுக்குத் தானா அமையற வழி ஒண்ணு இருக்கு. அந்த வழியே ரெண்டும் ஒண்ணுதான்னு காட்டணும். அந்த நிபந்தனை இல்லாம நான் சொன்னது தேற்றமே இல்ல, தப்பு. அந்தம்மா அதைத் திருத்தியும் கொடுத்து, என் பேரையும் போட்டிருக்காங்க. அதைத்தான் நான் வேண்டாம்னு எழுதிட்டேன்."

மனுஷன் அழல. அழுதிருந்தா எனக்குக் கொஞ்சம் தேவலையா இருந்திருக்கும். மேஜை விரிப்போட ஓரத்தை மடிச்சு மடிச்சுப் பிரிச்சுட்டு இருந்தாரு. எனக்கு அவரு மேல பாவமாவும் இருந்துச்சு, ரெண்டு அறை விடலாம் போலவும் இருந்துச்சு.

விடல. பத்திரிகை ஆசிரியருக்கு எழுதச் சொல்லி முன்னாடியே உக்காந்துக்கிட்டேன். காபி மட்டும் போட்டுக் கொடுத்தேன். தன் பேரைப் போட்டு, அப்படி ஒரு கட்டுரை கிடையாது, நான் சொன்னது தப்பு, இந்தம்மா செஞ்சிருக்கறது சரி, தயவுசெஞ்சு பிரசுரிங்கன்னு எழுதினாரு. ரெண்டு நாள்ல பதில் வந்துச்சு. நேர்மைக்கு நன்றியாம். ஆனா கட்டுரை எழுதினவங்களுக்கு முடிவை ஏற்கனவே அனுப்பியாச்சாம், வேணும்னா அவங்க புதுசா அனுப்பலாமாம், திரும்ப முதல்ல இருந்து பார்ப்பாங்களாம். அதுக்குப் பல மாசம் ஆகும். தேர்வுக் குழு அடுத்த வாரம் கூடுது.

"நேர்ல போய்ச் சொல்லிடறேன்"ன்னு அவரா சொன்னாரு. என் கல்யாண வாழ்க்கையில அவரு எனக்கு முன்னாடி முடிவெடுத்த விஷயம் அது ஒண்ணுதான். டிரைவிங் ஸ்கூல் வண்டியிலயே கூட்டிட்டுப் போனேன். வழியெல்லாம் கண்ணாடியில ஒரு அம்பு கூடப் போடல.

அந்தக் காலேஜுல ஆசிரியர் அறைன்னு ஒரு நீளமான ரூம். ஒரு ஃபேன் சத்தம் மட்டும் போடும், காத்து வராது. விடைத்தாள் கட்டு மேஜைக்கு மேஜை அடுக்கியிருந்துச்சு. நாலஞ்சு பேரு திருத்திட்டு இருந்தாங்க. கேள்வி டீச்சருக்குத் தனி மேஜை கூட இல்ல, ஜன்னலோரமா இன்னொருத்தரோட பாதியைப் பிடிச்சு உக்காந்திருந்தாங்க. கையெல்லாம் சாக்பீஸ் பொடி. இவரைப் பார்த்ததும் பதறி எழுந்து, "சார்! நீங்களா! சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே. உக்காருங்க சார், அக்கா நீங்க உக்காருங்க"ன்னு தன் நாற்காலியையே இழுத்துப் போட்டாங்க.

இவரு உக்காரல. "அம்மா, அந்தத் தேற்றத்துக்கு என்கிட்ட நிரூபணம் கிடையாது. எழுதவே இல்ல"ன்னு நின்னுக்கிட்டே சொன்னாரு. வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்காரு போல.

அந்தம்மா கொஞ்சங்கூட ஆச்சரியப்படல. "தெரியும் சார்"ன்னாங்க.

"எது தெரியும்?"

"நிரூபணம் இல்லைன்னு. இருந்திருந்தா அந்த நிபந்தனை இல்லாம எழுதியிருக்க மாட்டீங்க சார். ரெண்டு தொடர்பை ஒண்ணா சேர்த்துப் பார்த்தாலே அந்த இடம் இடிக்கும். செஞ்சு பார்த்த யாருக்கும் முதல் பக்கத்துலயே தெரிஞ்சுடும்."

"அப்போ மத்தவங்க..."

"எல்லாருக்கும் தெரியும் சார்"னு குரலைத் தாழ்த்திக்கிட்டாங்க. "உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான் யாரும் பேசல."

அய்யோன்னு இருந்துச்சு எனக்கு. இத்தனை வருஷமா இவரு மூடி மறைக்கறோம்னு நினைச்சுட்டு இருந்திருக்காரு, ஊரே சேர்ந்து இவரை மூடி மறைச்சிருக்கு. கூட்டத்துக்குக் கூப்பிட்டு, மாலை போடாத குறையா மேடையில உக்கார வெச்சவங்க எல்லாரும் தெரிஞ்சுதான் வெச்சிருக்காங்க. நான் அந்த மேடைக்குக் கீழே முதல் வரிசையில நிமிர்ந்து உக்காந்திருக்கேன். எங்கே போய் முகத்தை வெச்சுக்கறதுன்னு தெரியாம விடைத்தாள் கட்டையே பார்த்துட்டு நின்னேன்.

இவரு அதோட விட்டிருக்கலாம். விடல, அதுக்கு மட்டும் நான் அவரை மெச்சுவேன். "உங்க கட்டுரையைத் திருப்பி அனுப்பச் சொன்னது நான்தான்"ன்னாரு.

அந்தம்மா கையில இருந்த சாக்பீஸ் பொடியைத் தட்டிட்டு இருந்தாங்க. அப்படியே நின்னுடுச்சு கை. திருத்திட்டு இருந்தவங்களும் பேனாவை வெச்சுட்டுத் திரும்பிட்டாங்க.

"நீங்களா சார்?"

"நான்தான்."

"யாருக்கு அனுப்பலாம்னு பத்திரிகையில எங்களையும் ஒரு பேரு கேப்பாங்க சார்"னு மெதுவா சொன்னாங்க. "நான்தான் உங்க பேரைக் கொடுத்தேன். இதை யாராவது முடிச்சுட்டா உங்களுக்குப் பாரம் இறங்கும், முதல்ல நீங்கதான் சந்தோஷப்படுவீங்கன்னு நினைச்சேன்."



அந்தம்மாதான் முதல்ல சுதாரிச்சாங்க. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவரு பக்கமா நகர்த்தினாங்க. "நடந்ததை எழுதிக் கொடுங்க சார். தேர்வுக் குழுவுக்குக் கொடுக்கறேன். எடுத்துப்பாங்களோ என்னவோ. அடுத்த வகுப்புக்கு மணி அடிக்கறதுக்குள்ள வேணும்."

அத்தனை பேரு பார்க்க, அந்தம்மாவோட பாதி மேஜையில உக்காந்து எழுதினாரு. எழுதி நீட்டினாரு. அந்தம்மா நின்னுக்கிட்டே படிச்சாங்க, படிச்சுட்டுத் திரும்ப அவரு முன்னாடியே வெச்சாங்க.

"கவனக்குறைவால்னு போட்டிருக்கீங்க சார்."

"ஆமாம்மா."

"கவனக்குறைவா சார்?"

கோபமே இல்ல அந்தக் குரல்ல. கூட்டத்துல கடைசி வரிசையில இருந்து கேக்கறதும் இப்படித்தான் இருக்குமோ என்னவோ. இவரு அந்த வார்த்தையை அடிச்சுட்டு, மேலே ‘தெரிந்தே’ன்னு எழுதினாரு. அடிச்ச இடத்துல ஒரு கையெழுத்தும் போட்டாரு.

மணி அடிச்சுது. அந்தம்மா தாளை மடிச்சுப் பைக்குள்ள வெச்சுக்கிட்டு, "நன்றி சார். அக்கா, பார்த்துப் போங்க"ன்னு சொல்லிட்டு வகுப்புக்குக் கிளம்பிட்டாங்க.

வேலை வேற ஒருத்தருக்குப் போயிடுச்சு. அந்தம்மா இந்த வருஷமும் தற்காலிகம்தான். அவங்க கோபப்பட்டு நாலு வார்த்தை கேட்டிருந்தா, நாங்க இந்நேரம் எப்படியாவது தேறியிருப்போம். அந்த நன்றியைத்தான் ரெண்டு பேராலயும் இன்னும் ஜீரணிக்க முடியல.